பூட்டிய செய்தியும் திறந்த நிரலும்: மட்டக்களப்பு வாவிக்கரையின் அன்றாட இணையப் பாதுகாப்பு

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் குடும்பம், தொழில், படிப்பு, வழிபாடு, வங்கி எல்லாமே இன்று கைத்தொலைபேசிக்குள் வந்து சேர்ந்துவிட்டன. காத்தான்குடிக் கடைக்காரர் கொழும்பு மொத்த வியாபாரிக்கு அனுப்பும் சாமான் பட்டியல், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக மாணவி விரிவுரையாளருக்கு அனுப்பும் ஒப்படை, ஏறாவூரிலிருந்து வளைகுடா நாடொன்றுக்கு வேலைக்குப் போன தாய் இரவில் பிள்ளையோடு பேசும் காணொளி அழைப்பு, கொக்கட்டிச்சோலை விவசாயி உரமானியத்துக்காகக் கொடுக்கும் வங்கிக் கணக்கு இலக்கம் யாவும் ஒரே கருவி வழியாகவே போய்வருகின்றன. இவற்றில் எதுவும் குற்றம் இல்லை. ஆனால், ஊரறியப் போட்டுவைக்கத்தக்கதும் எதுவும் இல்லை. தன்னைப் பற்றிய எந்த விபரம் எவரிடம், எவ்வளவு காலத்துக்கு இருக்கலாம் என்பதைத் தானே தீர்மானிக்கும் உரிமையே அந்தரங்கம். அந்தத் தீர்மானத்தைப் பிறர் மீறாதபடி காக்கும் ஏற்பாடே பாதுகாப்பு.

ஒரு செய்தி மூன்று இடங்களில் கசியலாம்: அனுப்புபவரின் கருவி, செய்தி பயணிக்கும் நடுவழி, பெறுபவரின் கருவி. கடந்த பத்தாண்டுகளில் நடுவழி வெகுவாகப் பலப்பட்டிருக்கிறது. இரு முனைகளும் அந்த அளவுக்குப் பலப்படவில்லை. சாதாரண மக்கள் பணத்தையும் மானத்தையும் பறிகொடுப்பது பெரும்பாலும் முனைகளில்தான். ஆகவே ஒவ்வொரு கருவியையும் செயலியையும் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இதில் எதை யார் பார்க்க முடியும்?

நடுவழியின் பூட்டு

முன்பின் சந்திக்காத இருவர், எல்லோரும் ஒட்டுக்கேட்கக்கூடிய வழியில் எண்களைப் பரிமாறியே தங்களுக்குள் மட்டும் ஓர் இரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்ளலாம் என்பதை 1976 இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். இன்றைய முனைக்கு முனை மறையாக்கம் அந்தக் கணிதத்தின் மேல்தான் நிற்கிறது. அனுப்புபவரின் கைபேசியில் செய்தி பூட்டப்படுகிறது. பெறுபவரின் கைபேசியில் மட்டுமே திறக்கிறது. இடையிலுள்ள தொலைபேசி நிறுவனமோ, செயலியை நடத்தும் நிறுவனமோ அதன் உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது.

மொக்ஸி மார்லின்ஸ்பைக், டிரெவர் பெரின் இருவரும் வகுத்த சிக்னல் நெறிமுறை இதில் ஒரு படி மேலே போனது. அதில் ஒவ்வொரு செய்திக்கும் சாவி மாறுகிறது. ஒரு சாவி களவுபோனாலும் அதற்கு முந்திய செய்திகளைத் திறக்க முடியாது. சிக்னல் செயலி இதையே பயன்படுத்துகிறது. வட்ஸ்அப் 2016 ஏப்ரலில் இதே நெறிமுறையைத் தன் பாவனையாளர் அனைவருக்கும் நடைமுறைப்படுத்தியது. அதே மாதத்தில் வைபரும் முனைக்கு முனை மறையாக்கத்தை அறிவித்தது. முகநூலின் மெசெஞ்சர் 2023 டிசம்பரில்தான் தனிப்பட்ட உரையாடல்களுக்கு இதை இயல்புநிலை ஆக்கத் தொடங்கியது. டெலிகிராம் இன்றும் இருவருக்கிடையிலான ‘இரகசிய உரையாடல்’ என்ற தனி வசதியில் மட்டுமே இந்தப் பூட்டைப் போடுகிறது. அதன் குழுக்களிலும் சாதாரண உரையாடல்களிலும் உள்ளவை நிறுவனத்தின் வழங்கிகளில் நிறுவனத்தால் திறக்கக்கூடிய நிலையிலேயே இருக்கின்றன. சாதாரண குறுஞ்செய்திக்கு இந்தப் பூட்டு கிடையாது.

எந்தச் செயலியில் இந்தப் பூட்டு இருக்கிறது என்பது வளைகுடாவில் வேலைசெய்வோரின் குடும்பங்களுக்கு முக்கியம். ஐக்கிய அரபு இராச்சியத்தில் வட்ஸ்அப் குரல் அழைப்பு நெடுங்காலமாக முடக்கப்பட்டிருப்பதால், உறவினர் சொல்லும் வேறு செயலி எதையாவது இறக்கிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அப்படி ஒரு செயலிக்கு மாறும்போது படத்தின் தெளிவைப் பார்ப்பதோடு, பேச்சு முனைக்கு முனை பூட்டப்படுகிறதா என்பதையும் பார்க்கவேண்டும்.

பூட்டு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்பதையும் சோதிக்கலாம். வட்ஸ்அப்பில் ஒருவரின் பெயரைத் தொட்டு மறையாக்கம் என்ற இடத்துக்குப் போனால், ஒரு கியூஆர் குறியும் அதன்கீழ் 60 இலக்கங்களும் தோன்றும். அவை ஐந்தைந்தாகப் பன்னிரண்டு தொகுதிகள். அதே இலக்கங்கள் மறுமுனையிலும் தோன்றவேண்டும். கட்டாரிலுள்ள மகனின் முகத்தைக் காணொளியில் பார்த்தபடி தாய் இங்கிருந்து ஒவ்வொரு தொகுதியாக வாசிக்க, மகன் அங்கிருந்து சரிபார்த்தால் இடையில் எவரும் நுழையவில்லை என்பது உறுதியாகும். பின்னொரு நாள் ‘பாதுகாப்புக் குறியீடு மாறிவிட்டது’ என்ற அறிவிப்பு வந்தால் மறுமுனையில் இருப்பவர் கைபேசியை மாற்றியிருக்கலாம், அல்லது அவருடைய கணக்கில் வேறொருவர் புகுந்திருக்கலாம். எது என்பதை ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுத் தெரிந்துகொள்வதே முறை. அதுவரை அந்தக் கணக்குக்குப் பணமோ ஆவணமோ அனுப்பக்கூடாது.

பூட்டுக்கு வெளியே தெரிவது

குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் வாவியைக் கடக்கும் ‘பாதை’ என்ற மிதவைப் படகில் வேலைசெய்பவர் எவருடைய மூட்டையையும் அவிழ்த்துப் பார்ப்பதில்லை. ஆனாலும் எவர் எத்தனை மணிக்கு ஏறினார், யாரோடு வந்தார், எவ்வளவு பாரம் கொண்டுவந்தார், எத்தனை நாளைக்கு ஒருமுறை கடக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மறையாக்கம் செய்த செய்தியின் நிலையும் அதுதான். உள்ளடக்கம் மறைந்திருந்தாலும், யாரிடமிருந்து யாருக்கு, எப்போது, எங்கிருந்து, எத்தனை முறை என்ற புறவிபரங்கள் எஞ்சுகின்றன. ஒருவர் ஒரே இரவில் கடன் கொடுத்த நிறுவனத்தோடும், சட்டத்தரணியோடும், பின்பு 1926 என்ற மனநல உதவி இலக்கத்தோடும் பேசினார் என்ற பதிவு போதும். என்ன பேசினார் என்று கேட்கத் தேவையில்லை.

இலங்கையில் சிம் அட்டை தேசிய அடையாள அட்டை இலக்கத்தோடு பதியப்படுவதால், தொலைபேசி நிறுவனத்திடமுள்ள அழைப்புப் பதிவு ஒவ்வொன்றும் ஒரு பெயரோடு பொருந்தியே இருக்கிறது. செயலிகளிடையே இந்த விடயத்தில் பெரிய வேறுபாடு உண்டு. 2016 இல் அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் நடந்த மத்திய அரச விசாரணை ஒன்றில் பாவனையாளர் விபரங்களைத் தருமாறு சிக்னல் செயலியை நடத்தியவர்களுக்கு ஆணை வந்தது. கணக்குத் திறந்த நேரம், கடைசியாக இணைந்த நேரம் ஆகிய இரண்டைத் தவிர அவர்களிடம் கொடுக்க எதுவும் இருக்கவில்லை. வட்ஸ்அப் இதே பூட்டைப் போட்டாலும், யார் யாரோடு எப்போது தொடர்புகொள்கிறார் என்பது போன்ற விபரங்களைத் திரட்டும் வாய்ப்பைத் தன் தனியுரிமைக் கொள்கையிலேயே வைத்திருக்கிறது. திரட்டாத விபரத்தை எவரும் கேட்டு வாங்க முடியாது, களவாடவும் முடியாது. நல்ல செயலிக்கு இதுவே உரைகல்.

தடையும் வி.பி.என்னும்

2018 பெப்ரவரி இறுதியில், வாவியின் தென்மேற்கே அம்பாறை நகரில், முஸ்லிம் உணவகம் ஒன்றின் உணவில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை கலந்திருப்பதாக வதந்தி கிளம்பியது. கடை ஊழியரை மிரட்டி எடுத்த காணொளி முகநூலில் பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் இருந்தது வெறும் மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் காட்டியது. மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் வன்முறை மூண்டபோது அரசாங்கம் முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை ஒரு வாரமளவில் முடக்கியது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உட்பட நாட்டின் பல இடங்களில் தற்கொலைக் குண்டுகள் வெடித்து 250 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்றே சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டு, ஏப்ரல் 30 அன்றுதான் திறக்கப்பட்டன. வெளிநாடுகளிலிருந்த உறவினர்கள் தங்களவர் உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரித்துத் தவித்த நாட்களில் அவர்களுடைய முதன்மையான வழி மூடிக்கிடந்தது. 2022 ஏப்ரல் 3 அன்று பொருளாதார நெருக்கடிப் போராட்டங்களின்போதும் சில மணிநேரம் இதே தடை வந்தது.

ஒவ்வொரு தடையின்போதும் மக்கள் வி.பி.என் செயலிகளை இறக்கினார்கள். வி.பி.என் செய்வது என்ன என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளவேண்டும். கைபேசிக்கும் வேறொரு நாட்டிலுள்ள வழங்கிக்கும் இடையில் அது பூட்டிய குழாய் ஒன்றைப் போடுகிறது. உள்ளூர்த் தொலைபேசி நிறுவனத்துக்கு அந்தக் குழாய் மட்டுமே தெரியும். குழாயின் மறுமுனையில் இருக்கும் வி.பி.என் நிறுவனத்துக்கோ, பாவனையாளர் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார் என்பது தெரியும். நம்பிக்கை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறுகிறது, அவ்வளவே. பெயர்தெரியாத நிறுவனமொன்று பணம் வாங்காமல் வி.பி.என் நடத்தும்போது அதன் வருமானம் பாவனையாளரின் விபரத்திலிருந்து வரக்கூடும். தன் செயலிகளின் மூலநிரலை 2020 இல் வெளியிட்ட புரோட்டன் வி.பி.என், கனடாவில் பிறந்த, நிரல் எவருக்கும் திறந்திருக்கும் திறமூலக் கருவியான சைபன் போன்றவை, சோதித்துப் பார்க்கக் கூடியவை என்பதால் மேலானவை. தடை வந்த பிறகு அவசரத்தில் கிடைத்ததை இறக்குவதைவிட, அமைதியான நாளில் ஒன்றைத் தெரிவுசெய்து வைத்திருப்பது புத்தி.

முனையின் முதல் வாசல்: கணக்கு

இலங்கையில் அண்மைக் காலத்தில் வட்ஸ்அப் கணக்குகள் பறிபோகும் முறையில் எந்தப் பூட்டும் உடைக்கப்படுவதில்லை. நன்கு தெரிந்த ஒருவரின் கணக்கிலிருந்து செய்தி வருகிறது: ‘தவறுதலாக உங்கட நம்பருக்கு ஒரு கோட் அனுப்பிவிட்டன், அதைக் கொஞ்சம் அனுப்புங்கோ.’ அந்த நண்பரின் கணக்கு முன்னரே பறிபோயிருக்கிறது. திருடன் தன் கைபேசியில் வட்ஸ்அப்பை நிறுவி, இலக்கு வைத்தவரின் தொலைபேசி இலக்கத்தை அதில் இட்டிருக்கிறான். ஆறு இலக்கக் குறியீடு அந்த இலக்கத்துக்கு உரியவருக்கே குறுஞ்செய்தியாக வருகிறது. அதை அனுப்பிய மறுநிமிடம் கணக்கு கைமாறுகிறது. திருடன் உடனே இரட்டைச் சரிபார்ப்பு இரகசிய எண்ணை இட்டுவிட்டால், உரியவர் அந்த எண் தெரியாமல் முழுமையாக உள்ளே திரும்ப ஏழு நாள் காத்திருக்கவேண்டி வரும். உரியவர் தன் இலக்கத்தை மீண்டும் பதியும்வரை குழுக்களிலுள்ள உறவினர், நண்பர் எல்லோரிடமும் ‘அவசரம், பிறகு தாறன்’ என்று பணம் கேட்கப்படுகிறது.

இதைத் தடுக்க இரண்டு நிமிடம் போதும். வட்ஸ்அப் அமைப்பில் கணக்கு என்ற பகுதிக்குள் இரட்டைச் சரிபார்ப்பு இருக்கிறது. அதில் ஆறு இலக்க இரகசிய எண்ணையும் மீட்பதற்கான மின்னஞ்சலையும் இட்டுவைத்தால், குறுஞ்செய்திக் குறியீடு மட்டும் திருடனுக்குப் போதாது. பிறந்த ஆண்டையும் வீட்டிலக்கத்தையும் அந்த எண்ணாக வைக்கக்கூடாது. கணக்கு பறிபோனால் உடனடியாகத் தன் இலக்கத்தை மீண்டும் பதியவேண்டும். புதிய குறியீட்டை இட்டவுடன் திருடன் வெளியேற்றப்படுவான். ஏழு நாள் காத்திருக்க நேர்ந்தாலும் அந்த நாட்களில் அவனால் எதையும் அனுப்ப முடியாது. கூடவே நெருங்கியவர்களைத் தொலைபேசியில் அழைத்து எச்சரிக்கவேண்டும். இலங்கை கணினி அவசரப் பதிலளிப்புப் பிரிவான ‘சேர்ட்’, 101 என்ற இலக்கத்தில் முறைப்பாடுகளை ஏற்கிறது.

முனையின் இரண்டாம் வாசல்: கருவி

வாவிக்கரைச் சிற்றூர்களில் கைபேசி பற்றிய எல்லாத் தேவைக்கும் மக்கள் போவது ‘கொமினிகேசன்’ கடைக்கு. ரீலோட், நிழற்பிரதி, விண்ணப்பம் நிரப்புதல், திருத்தம், புதுக் கைபேசியில் கணக்குத் திறத்தல் எல்லாம் அங்கேதான். கிராம உத்தியோகத்தருக்கோ பிரதேச செயலகத்துக்கோ கொடுக்கவேண்டிய ஆவணத்தை அச்சிட, அடையாள அட்டையின் இரு பக்கத்தையும் பிறப்புச் சான்றிதழையும் படமெடுத்துக் கடையின் வட்ஸ்அப் இலக்கத்துக்கு அனுப்புவார்கள். அச்சுப்பிரதி கைக்கு வந்துவிடும். படங்களோ கடையின் கைபேசியிலும், அதோடு இணைந்த கணினியின் தரவிறக்கக் கோப்புறையிலும் தங்கிவிடும். பெரும்பாலான கடைக்காரர்கள் நேர்மையானவர்கள். ஆனால் அந்தக் கணினிக்குக் கடவுச்சொல் இல்லாதிருக்கலாம், அடுத்த மாதம் அது விற்கப்படலாம், வைரஸ் பிடித்திருக்கலாம். அடையாள அட்டைப் படம் கையிலிருந்தால் இன்னொருவர் பெயரில் கடனும் கணக்கும் கேட்பது எளிது.

இங்கே செய்யவேண்டியவை சின்னச் சின்னக் காரியங்கள். படத்தை அனுப்பி அச்சானதும் ‘எல்லோருக்குமாக நீக்கு’ என்பதைத் தொட்டு நீக்கவேண்டும். கணினியில் இறங்கிய பிரதியை அழிக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு நிற்பதில் வெட்கம் எதுவும் இல்லை. கடைக் கணினியில் தன் வட்ஸ்அப்பைத் திறந்திருந்தால், ‘இணைத்த கருவிகள்’ பட்டியலுக்குப் போய் அந்தக் கணினியை நீக்கவேண்டும். கூகுள் கணக்கைக் கடைக்காரரின் மின்னஞ்சலிலும் கடவுச்சொல்லிலும் திறக்க விடக்கூடாது. அப்படித் திறந்த கணக்கின் படங்களும் தொடர்பிலக்கங்களும் கடைக்காரரின் கைக்கு எட்டுகின்றன. திருத்தக் கொடுக்கும்போது திரைப் பூட்டின் எண்ணைச் சொல்லவேண்டி வந்தால், திரும்ப வாங்கியதும் முதலில் அதை மாற்றவேண்டும்.

காப்புப்பிரதி இன்னொரு திறந்த வாசல். பூட்டிவந்த செய்திகள், கைபேசியிலிருந்து கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுட்டுக்கோ பூட்டில்லாமல் ஏறினால், பூட்டியதன் பயன் போய்விடும். வட்ஸ்அப் 2021 இல் காப்புப்பிரதிக்கும் முனைக்கு முனை மறையாக்கம் தந்தது. ஆனால் அதைப் பாவனையாளரே இயக்கவேண்டும். கடவுச்சொல்லை மறந்தால் நிறுவனத்தாலும் மீட்டுத்தர முடியாது.

குழுக்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பாடசாலைப் பெற்றோர் குழு, கோயில் பரிபாலன சபைக் குழு, மீனவர் சங்கக் குழு, ஊர் மரண அறிவித்தல் குழு என்று ஒருவர் பத்துக் குழுக்களில் இருக்கிறார். நூற்றுக்கணக்கானோர் இருக்கும் குழுவில் மறையாக்கம் நடுவழியை மட்டுமே காக்கும். உறுப்பினர் எவரும் திரையைப் படமெடுத்து வெளியே அனுப்பலாம். குழுவிலுள்ள அனைவருக்கும் எல்லோருடைய தொலைபேசி இலக்கமும் தெரிகிறது. இளம் பெண்களுக்கு இனந்தெரியாத இலக்கங்களிலிருந்து தொல்லை வருவதற்கு இது ஒரு வழி. குழுவில் தன்னை யார் சேர்க்கலாம், தன் முகப்படத்தை யார் பார்க்கலாம் என்ற இரு அமைப்புகளையும் ‘என் தொடர்புகள் மட்டும்’ என்று மாற்றுவது எல்லாப் பெண்களும் செய்துவைக்கவேண்டிய காரியம். அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டப்படுபவர் பணம் கொடுக்கக்கூடாது. சான்றுகளை அழிக்கவும் கூடாது. எல்கே டொமைன் பதிவகத்தின் ‘ஹிதவதி’ சேவை இப்படிப்பட்டோருக்கு உதவுகிறது. பாதிக்கப்பட்டவர் எவ்விதத்திலும் குற்றவாளி அல்லர் என்பதைக் குடும்பமும் ஊரும் உரக்கச் சொல்லவேண்டும்.

உலாவல்

இணைய முகவரியின் தொடக்கத்திலுள்ள எச்டிடிபிஎஸ் என்ற பூட்டு, இணையத்தளத்துக்கும் கருவிக்கும் இடையிலான நடுவழியைக் காக்கிறது. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015 முதல் இதற்கான சான்றிதழை இலவசமாக வழங்கியதால் இன்று பெரும்பாலான தளங்களில் அது உண்டு. மோசடித் தளமும் அதே சான்றிதழை இலவசமாகவே பெறுகிறது என்பதை மறக்கக்கூடாது. பூட்டு இருப்பதால் தளத்தை நடத்துபவர் நல்லவர் என்று ஆகாது. அஞ்சல் திணைக்களத்தின் பெயரில் ‘பொதி வந்திருக்கிறது, சிறு கட்டணம் செலுத்துக’ என்று வந்த போலிச் செய்திகள் குறித்துத் திணைக்களமே எச்சரிக்க நேர்ந்தது. இலங்கை அரச தளங்களின் பெயர் ‘ஜிஓவி டொட் எல்கே’ என்று முடியும். முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு நேர் இடப்புறம் உள்ளதே தளத்தின் உண்மையான சொந்தக்காரரைக் காட்டும். அதற்கு முன்னால் எந்தப் பெயரையும் எவரும் ஒட்டவைக்கலாம்.

மறைநிலை உலாவல் பற்றிய தவறான நம்பிக்கை பரவலாக உண்டு. அது அந்தக் கருவியில் வரலாற்றைச் சேமிக்காமல் விடுகிறது. வீட்டில் பொதுக் கைபேசி பாவிப்போருக்கு அவ்வளவில் பயன். தொலைபேசி நிறுவனமும் போய்ப்பார்த்த தளமும் வழக்கம்போலவே பார்க்கின்றன. மறைநிலையிலும் தரவு திரட்டியதாகக் கூகுளுக்கு எதிராக 2020 இல் அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கில், கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க அந்த நிறுவனம் 2024 இல் இணங்கியது. விளம்பர நிறுவனங்கள் ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒருவரைப் பின்தொடரப் பயன்படுத்தும் குக்கிகளைப் பயர்பொக்ஸ் தளம்தளமாகப் பிரித்து அடைக்கிறது. அன்ட்ரொயிட் கைபேசியில் அதற்கு யூபுளொக் ஒரிஜின் என்ற திறமூல நீட்சியையும் சேர்க்கலாம். விளம்பரம் நின்றால் டேட்டாவும் மிச்சமாகும்.

செயலி கேட்கும் அனுமதி

போர்க்காலத்தில் வாவியின் மேற்கிலுள்ள படுவான்கரையிலிருந்து கிழக்கிலுள்ள எழுவான்கரைக்கு வந்தவர்கள் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையையும் பையையும் திறந்துகாட்டியே பழகியவர்கள். கேட்டால் காட்டிவிடுவது அன்று உயிர்காக்கும் பழக்கம். இன்று ஒரு செயலி ‘தொடர்புகளைப் பார்க்கலாமா?’ என்று கேட்கும்போது அதே பழக்கத்தில் விரல் ‘ஆம்’ என்பதைத் தொடுகிறது. ‘இல்லை’ என்று சொல்ல இங்கே முழு உரிமை உண்டு. சொன்னாலும் பெரும்பாலான செயலிகள் வேலைசெய்யும்.

இந்த அனுமதியின் விலையை இணையக் கடன் செயலிகள் காட்டின. கடன் தவணை தவறியதும், கைபேசியிலிருந்து எடுத்த தொடர்பிலக்கங்களுக்கெல்லாம் அவமானச் செய்தி அனுப்புவது இந்தியாவில் பெரும் கொடுமையாக வளர்ந்தது. இந்திய ரிசர்வ் வங்கியின் பணிக்குழு 2021 இல் ஏறத்தாழ 1,100 கடன் செயலிகளைக் கண்டு, அவற்றில் 600 அளவில் சட்டவிரோதமானவை என்றது. 2022 செப்டெம்பரில் தொடர்புகள், படங்கள், அழைப்புப் பதிவு ஆகியவற்றைக் கடன் செயலிகள் தொடக்கூடாது என்று வங்கி விதித்தது. 2023 மே இறுதி முதல் கூகுள் பிளேயும் அவ்வாறே விதித்தது. நுண்கடனால் ஏற்கனவே நொந்துபோயுள்ள கிழக்கிலங்கைப் பெண்களை இலக்குவைக்கும் இத்தகைய செயலி எதுவாயினும், பிளே ஸ்டோருக்கு வெளியே லிங்க் மூலம் வந்தால் அதைத் தொடவே கூடாது.

விசைப்பலகைச் செயலி இன்னும் கவனிக்கவேண்டியது. தமிழில் தட்டச்சிட இறக்கும் விசைப்பலகை, தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் பார்க்கிறது. செய்தி பூட்டப்படுவதற்கு முன்னரே அது நடக்கிறது. தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்கான இண்டிக் விசைப்பலகை போன்ற திறமூல விசைப்பலகைகளின் நிரலை எவரும் படிக்கலாம். பெயர்தெரியாத ஒன்றைவிட அவை நம்பத்தக்கவை.

திறமூலம்: என்ன தருகிறது, என்ன தராது

திறமூலச் செயலி என்றால் அதன் நிரல் எவரும் படிக்கவும் சோதிக்கவும் மாற்றவும் பகிரவும் கிடைக்கிறது என்று பொருள். இலங்கைக்கு இதில் பெருமைக்குரிய வரலாறு உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கல்லடி, நாவலடி உள்ளிட்ட இந்தக் கரையையும் தீவின் ஏனைய கரைகளையும் அழித்தபோது, காணாமற்போனோர், முகாம்கள், நிவாரண அமைப்புகள் ஆகியவற்றின் விபரங்களை ஒருங்கிணைக்க இலங்கைக் கணினியாளர்கள் தொண்டர்களாகக் கூடிச் சில வாரங்களில் எழுதியதே ‘சஹானா’ மென்பொருள். லங்கா மென்பொருள் மன்றம் அதை வளர்த்தது. திறமூலமாக விட்டதால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் அதே மென்பொருள் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006 ஆம் ஆண்டுக்கான சமூகப்பயன் விருதை அதற்கு வழங்கியது. உறவிழந்த மக்களின் பெயர்ப் பட்டியலைக் கையாளும் மென்பொருள் என்ன செய்கிறது என்பதை எவரும் பார்க்க முடிவது எவ்வளவு பெரிய காப்பு என்பதற்கு இதுவே சான்று.

வட்ஸ்அப் பயன்படுத்தும் நெறிமுறை பகிரங்கமானது. அதன் செயலி நிரல் மூடியது. சிக்னலின் செயலி நிரலும் திறந்தது. 2010 இல் தொடங்கிய எஃப்-டிரொயிட் என்ற களஞ்சியம், அன்ட்ரொயிட் திறமூலச் செயலிகளை மூலநிரலிலிருந்து பெரும்பாலும் தானே கட்டி வெளியிடுகிறது. பின்தொடரும் கூறு ஏதும் செயலியில் இருந்தால் எச்சரிக்கையும் இடுகிறது. கடவுச்சொற்களைக் காக்கும் கீபாஸ் குடும்பச் செயலிகள் அதில் கிடைக்கின்றன.

நிரல் திறந்திருந்தால் மட்டும் போதாது; யாராவது அதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டும். உலகின் எண்ணற்ற தளங்கள் நம்பியிருந்த ஓப்பன் எஸ்எஸ்எல் நிரலில் 2012 இல் புகுந்த ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை 2014 ஏப்ரல் வரை வெளிப்படவில்லை. அந்த நிரலைப் பராமரித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. 2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் என்ற சுருக்கக் கருவியில் திட்டமிட்ட பின்வாசல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. ஒருவர் புனைபெயரில் இரண்டாண்டுக்கு மேல் நற்பெயர் சம்பாதித்து அதை நுழைத்திருந்தார். ஒரு வழங்கியினுள் நுழைய வழமையைவிட அரைச் செக்கன் கூடுதலாகிறதே என்று ஐயுற்ற ஆன்ட்ரெஸ் ஃப்ரொயிண்ட் என்ற பொறியியலாளர் துருவிப் பார்த்ததால் உலகம் தப்பியது. நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் துருவ முடிந்தது.

மூடியதோ திறந்ததோ, புதுப்பிக்காத மென்பொருள் ஆபத்தானது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரச மேகக் கணினி அமைப்பைக் கப்பம் கோரும் மென்பொருள் தாக்கியது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளுக்குரிய, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான தரவு மீளாமல் அழிந்தது. ஆதரவுக்காலம் முடிந்த 2013 ஆம் ஆண்டு மின்னஞ்சல் மென்பொருள் பாவனையில் இருந்தது. அந்தக் காலத்துக்குத் தனியாக எடுத்துவைத்த காப்புப்பிரதியும் இருக்கவில்லை. அரசுக்கு நேர்ந்தது வீட்டுக்கும் நேரும். புதுப்பிப்பு அறிவிப்பைத் தள்ளிப்போடாமல் ஏற்பதே கட்டணமின்றிக் கிடைக்கும் பெரிய பாதுகாப்பு.

சட்டத்தின் நிலை

இலங்கை அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளுள் அந்தரங்க உரிமை வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஆள்சார் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கவும் திருத்தவும் அழிக்கக் கோரவும் தனிநபருக்கு உரிமை தருகிறது. அதன் நடைமுறை கட்டம் கட்டமாகவும் தாமதமாகவுமே வருகிறது. மறுபுறம் 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பதிவுகளை நீக்கப் பணிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் கொடுத்திருக்கிறது. 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் பகிரங்கப் பதிவுகள் மீதும் பாய்ந்திருக்கிறது. 2020 நவம்பரில் மட்டக்களப்பு ஊடகவியலாளர் ஒருவர் முகநூல் பதிவுகளுக்காக அச்சட்டத்தின்கீழ் கைதாகி ஓராண்டுக்கு மேல் தடுத்துவைக்கப்பட்டார். முகநூல் பதிவு ஒன்றுக்காக 2020 ஏப்ரலில் வேறொருவரைக் கைதுசெய்தது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. நீதி கிடைக்க மூன்றாண்டுக்கு மேல் சென்றது. சட்டம் வந்து காக்கும்வரை தன் கருவியைத் தானே காப்பதைத் தவிர வேறு வழியில்லை.

செய்யும் ஒழுங்கு

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யவேண்டியதில்லை. முதலில் திரைப் பூட்டும் வட்ஸ்அப் இரட்டைச் சரிபார்ப்பும். அடுத்து, இணைத்த கருவிகள் பட்டியலைப் பார்த்துத் தெரியாததை நீக்குதல், காப்புப்பிரதியைப் பூட்டுதல். மூன்றாவதாகக் கைபேசியிலுள்ள செயலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பாவிக்காததை அகற்றி, பாவிப்பதன் அனுமதிகளைக் குறைத்தல். நான்காவதாக வங்கி, மின்னஞ்சல் இரண்டுக்கும் வெவ்வேறு நீண்ட கடவுச்சொற்கள். சட்டத்தரணி, மருத்துவர், பத்திரிகையாளர், பெண்கள் அமைப்புகளில் பணிபுரிவோர் போன்று பிறருடைய இரகசியத்தைச் சுமப்போர் இதற்கும் மேலாக, சிக்னலுக்கு மாறி, செய்திகள் தாமாக மறையும் அமைப்பையும் இயக்கவேண்டும்.

நிறுவனங்களின் கடமை தனிநபரின் கடமையைவிடக் குறைந்ததல்ல. பாடசாலை, மாணவர் பட்டியலையும் புள்ளிகளையும் பெற்றோர் குழுவில் முழுதாகப் போடாமல் உரியவருக்கு மட்டும் அனுப்பவேண்டும். கூட்டுறவுச் சங்கமும் கோயில் சபையும் பயனாளிகளின் அடையாள அட்டை இலக்கங்களைக் குழுவில் வெளியிடுவதை நிறுத்தவேண்டும். பிரதேச செயலகங்கள் ஆவணப் படங்களைத் தனியார் இலக்கங்களுக்கு அனுப்பச் சொல்லாமல் பாதுகாப்பான வழி ஒன்றைத் தரவேண்டும். பொது நூலகங்கள் மாதம் ஒரு பிற்பகலை ஒதுக்கி, கிழக்குப் பல்கலைக்கழகக் கணினித்துறை மாணவர்களைக் கொண்டு, மக்கள் தம் கைபேசியோடு வந்து இந்த அமைப்புகளைத் தம் கையாலேயே செய்துபழக உதவலாம். கொமினிகேசன் கடைகளில் வேலைசெய்யும் இளைஞர்களுக்கு முதலில் அந்தப் பயிற்சியைக் கொடுக்கவேண்டும். ஊரின் ஆவணங்கள் அவர்களுடைய கை வழியாகவே போகின்றன. அவர்களில் ஒருவர் பழகினால் அவரிடம் வரும் அத்தனை பேருக்கும் அந்தக் காப்பு சென்று சேரும்.